டேஸ்டர் அனுஷியா

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ஃபிளாட். ஐந்து மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்கிற நாட்களை விட ஓய்வெடுக்கிற நாட்கள்தான் கூட. மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அனுஷியாவுடையது. வயது நாற்பத்து மூன்று. கலியாணம் ஆகவில்லை. தாயும் மூன்று வருடத்துக்கு முன் கண்ணை மூடிவிட்டார். ஒரே அண்ணன் மெல்பேணில். அவர் இடைக்கிடை வீடியோவில் வந்து, சுவரில் ஈரம் பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். வீடு அவர் பெயரில்.

இப்படி ஒரு பெண் தனியாக இருந்தால் ஃபிளாட்டில் உள்ளவர்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் பாதியை நானே இழுத்துப் போட்டுச் செய்தேன்.

அவள் தலையில் பூ வைப்பதில்லை. முகத்தில் பவுடர் இல்லை. கோயிலில் யாராவது மல்லிகைச் சரம் கொடுத்தால் வாங்கி, வாசல் கேட்டடியில் நிற்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள். காலையில் அவள் குசினியிலிருந்து தாளிக்கிற வாசனை வந்ததே கிடையாது. வெறும் பாண் துண்டு, வெறும் தண்ணீர். கீழ்மாடி பலீலா அதைக் காதல் தோல்வி என்றார். நாலாம் மாடி மாஸ்டர், பூ வைக்கக் கூடாத ஏதோ சபையில் சேர்ந்துவிட்டாள் என்றார். என் மனைவி துஷாந்தினி தோல் வருத்தம் என்றாள். நான் மூன்றையும் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவருடைய மனமும் நோகக் கூடாது, பாருங்கள்.

என்ன வேலை என்று கேட்டால் டேஸ்டர் என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கொழும்பில் டேஸ்டர் என்றால் தேயிலைதான். கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, சத்தமாக உறிஞ்சித் துப்பிவிட்டு, இது இந்த மலை, இது அந்த மலை என்று சொல்கிற பெரிய மனிதர்களின் உத்தியோகம். அப்படி ஒருத்தி எங்கள் ஃபிளாட்டில் இருப்பது எங்களுக்கே ஒரு மதிப்பு. பலீலா தன் மகள் பஸ்லாவின் கலியாணத்துக்கு டேஸ்டர் வீட்டுத் தேயிலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அனுஷியா அதை எங்கே எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். சந்தைக்கு எதிரில் உள்ள கடையில் எனக்கு முன்னால் நின்றுதான் வாங்கினாள். பைக்கற்றை உடைத்து, வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். கலியாணத்துக்கு வந்த சனமெல்லாம், இந்தத் தேயிலை கடையில் கிடைக்காது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தது.

அப்போதே எனக்குச் சந்தேகம். தேயிலைக் கம்பனியில் இருப்பவள் ஏன் கடையில் தேயிலை வாங்குகிறாள்?

விடை ஒருநாள் பின்னேரம் படியில் ஒழுகியது. லிஃப்ட் ஓய்வில் இருந்த நாள். அனுஷியா கையில் ஒரு பாரமான பையோடு ஏறிக்கொண்டிருந்தாள். நான் வாங்கித் தூக்கினேன். இரண்டாம் மாடியில் பையின் அடி நனைந்து என் சாரத்தில் சொட்டியது. வாசனை வந்தது. சாராயத்தில் எனக்கு முப்பது வருட அனுபவம். மூடியைத் திறக்காமலே தென்னஞ்சாராயம் எது, கலப்படம் எது என்று சொல்லுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை. தேசிக்காய்ப் புளி மாதிரியும் இருந்தது, வெயிலில் சுட்ட கல் மாதிரியும் இருந்தது. என்ன தங்கச்சி இது என்று கேட்டேன். அவள் சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எறும்பு, அண்ணை. காட்டெறும்பு போட்டு வடிச்ச ஜின்."

பிள்ளைக்குத் தனிமையில் மண்டை குழம்பிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்றைக்கு இரவே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பயத்தில்தான் வந்தாள், என் வாயை அடைக்க; பையில் இருந்தது மறுநாள் ஒரு ஹோட்டலில் காட்டக் கொண்டுபோகிற வேலைச் சாமானாம். வந்தவள் எழும்பிப் போக நெடுநேரமாயிற்று. அவ்வளவு கதை அவளிடம் இருந்தது.

அவள் டேஸ்டர் என்பது பொய்யில்லை. ஆனால் தேயிலை இல்லை. ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு கம்பனி. வெளிநாட்டு மதுவகைகளைக் கொண்டுவந்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவர்கள். அவர்களே சிலதைக் கலந்து போத்தலில் அடைப்பதும் உண்டு. கெமிஸ்ட்ரி படித்தவள் என்று ஆய்வுகூடத்துக்கு எடுத்தார்கள். பிறகு அவளுடைய மூக்கைக் கண்டுபிடித்து ருசி பார்க்கிற அறைக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கே மூன்று சிங்களப் பெரியவர்களும் இவளும். பெண்ணுக்குப் போத்தல் விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிற நாட்டில், எந்தப் போத்தல் உள்ளே வரலாம் என்று ஒரு வெள்ளவத்தைத் தமிழ்ப்பிள்ளையின் நாக்கு சொல்லிக்கொண்டிருந்தது.

மாதம் தோறும் பெட்டிகள் வருமாம். வழக்கமான விஸ்கி, பிராண்டி இல்லை. உலகத்தில் இப்போது எதை எதையெல்லாம் வடிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடற்பாசி போட்ட ஜின். இங்கிலாந்தில் விற்காமல் மிஞ்சின பாணில் வடித்தது. பாலில் வடித்த வொட்கா. சீனாவில் சோளத்தை மண்குழிக்குள் புளிக்க வைத்துக் காய்ச்சினது. மெக்சிகோவில் கற்றாழை மாதிரி ஒரு செடியின் கிழங்கைக் குழிக்குள் போட்டுச் சுட்டு எடுத்தது. எல்லாவற்றையும் சின்னக் கிளாஸில் விட்டு, தண்ணீர் கலந்து, மணந்து, வாயில் வைத்துப் புரட்டித் துப்ப வேண்டும். ஒரு சொட்டும் விழுங்குவதில்லை. விழுங்கினால் மூன்றாவது கிளாஸிலிருந்து நாக்கு பொய் சொல்லத் தொடங்கிவிடுமாம். அதற்காகத்தான் பூ இல்லை, பவுடர் இல்லை, காலையில் மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை. எங்கள் மூன்று ஆராய்ச்சியும் அன்றைக்கு ஒரேயடியாக விழுந்தது.

கம்பனியில் எழுதிக் கொடுப்பது ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல். பழவாசம், புகைவாசம், இத்தனை மார்க். அத்தோடு சரி. ஆனால் வாயில் வைத்தவுடன் அவளுக்கு மனதில் வருவது வேறு. சீனத்துச் சரக்கு, பழுத்து வெடித்த அன்னாசியைச் சப்பாத்துத் தைக்கிற கடைப் பசையில் ஒட்டினது போல. மெக்சிகோக்காரன், எரிந்துகொண்டிருந்த தென்னந்தும்புக் குவியலில் மழை பெய்தது போல. கடற்பாசி ஜின், சூறாவளி அடித்த மறுநாள் எங்கள் ஒழுங்கை முனை போல. இதையெல்லாம் அவள் முன்பு தாய்க்குச் சொல்லுவாளாம். வாழ்க்கையில் ஒரு துளி மதுவைத் தொடாத அந்த அம்மா, கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு பின்னேரமும் இன்றைக்கு எந்த நாடு என்று கேட்பாராம். தாய் போன பிறகு கேட்க ஆளில்லை. கோப்பி நிறத்தில், தேன் நிறத்தில், தண்ணீர் நிறத்தில் உலகமெல்லாம் வந்து நாக்கில் ஏறி இறங்கிப் போகிறது. வீட்டுக்கு வந்தால் சுவர்தான்.

மூன்று நாள் தொடர்ந்து வந்தாள். முதல் நாள் துஷாந்தினி வாய் பிளந்து கேட்டாள். மூன்றாம் நாள் டிவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நானோ கதையை விட்டுவிட்டு, ஒரு போத்தலில் அடியில் மிஞ்சினதாவது கிடைக்குமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் விளங்கிக்கொண்டாள். நாலாம் நாள் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் சங்கிலி வந்தார். கலியாணத் தரகர். கழுத்தில் தடிப்பாக ஒன்று கிடப்பதால் அந்தப் பெயர். உண்மைப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வருடக்கணக்காக அனுஷியாவுக்குச் சாதகம் கொண்டு வந்து திரும்பிப் போகிறவர். இந்த முறை அவள் ஓம் என்றாள். ஃபிளாட் முழுக்க அதிர்ச்சி.

மாப்பிள்ளை கிருஷ்ணராஜ். கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். புறக்கோட்டையில் பெரிய துணிக்கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர். நாற்பத்தெட்டு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தாயோடு இருக்கிறார். சொந்த இடம் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டம். தாய் ராக்கம்மா அங்கே முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். சங்கிலி அவர்களிடம் போய்ச் சொன்னது ஒரே சொல்தான், டேஸ்டர். பாவம், மனிதர் பொய்யே சொல்லவில்லை. மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த வீட்டுக்கு, அதை ருசி பார்க்கிற மருமகள் வரப்போகிறாள் என்றால் எப்படி இருந்திருக்கும்.

முதல் சந்திப்பு காலி வீதியில் ஒரு சைவக்கடை மாடியில். நானும் துஷாந்தினியும் துணைக்குப் போய் வேறு மேசையில் இருந்து வடை சாப்பிட்டோம். என் காது அந்த மேசையில் இருந்தது. அனுஷியா உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கிருஷ்ணராஜ் பையிலிருந்து ஒரு தேயிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டிவிட்டார். அம்மா பறித்த மலையில் இப்போது பறித்தது என்றார். அவள் பழக்கத்தில் மணந்து பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுச் சுடுதண்ணீர் எடுத்து ஊறவைத்து ஒரு மிடறு வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். காற்றுப் பலமாய் அடிக்கிற சரிவு. வெயிலுக்குக் காய்ந்து கிடந்த இடத்தில் முதல் மழை விழுந்து, அடுத்த நாளே பறித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு சின்னக் கசப்பு, அழுது முடித்தபிறகு தொண்டையில் நிற்குமே, அது.

கிருஷ்ணராஜ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "இன்னொருக்கா சொல்லுங்க மிஸ், அம்மாகிட்ட அப்பிடியே சொல்லணும்" என்றார்.

அவளுக்கு அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல நா எழவில்லை. தாய் போன பிறகு முதல்தடவையாக ஒரு மனிதர் அவளுடைய நாக்கைக் கேட்கிறார். ஆனால் வேறொரு பொருளைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். அவள் சொன்னாள், அவர் கேட்டார். அவர் கேட்கிற விதத்தைப் பற்றி அனுஷியா துஷாந்தினியிடம் சொல்லியிருக்கிறாள். குறுக்கே பேசமாட்டாராம். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம், இன்னும் இருக்கிறதோ என்று. அந்த மாதங்களில் அவள் படியில் ஏறுகிற சத்தமே வேறாக இருந்தது. பலீலா உடனே சேலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து அம்மாவைப் பார்க்கச் சொல்லிக் கிருஷ்ணராஜ் கேட்டபோதுதான் அவள் மறுபடி எங்கள் கதவைத் தட்டினாள். அதற்கு முன் அவருக்குச் சொல்லிவிட வேண்டும், எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நான் என் புத்தியைக் காட்டினேன். தாலி ஏறட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லலாம், அதற்குள் மனிதர் கழன்று போக முடியாத அளவுக்கு வந்துவிடுவார் என்றேன். துஷாந்தினி என்னைப் பார்த்த பார்வையில் நான் பல்கனிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து கேட்டேன்.

"சொல்லிப்போடு பிள்ளை," என்றாள் என் மனைவி. "நீ ஆள் தேடுறது கதைக்கத்தானே. கதைக்கேலாத ஆளைக் கட்டி என்ன செய்யப் போறாய்? எனக்குப் பார், நாள் முழுக்கக் கதைக்கிற ஆள் கிடைச்சிருக்கு, நான் ஒரு சொல் சொல்லேலாது."

அடுத்த ஞாயிறு மத்தியானம் அனுஷியா தனியாகப் போனாள். அங்கே நடந்ததை அன்றைக்கே எங்கள் வாசலில் நின்று சொன்னாள். நான் சொல்வது அவள் சொன்னபடிதான். இந்த ஒரு கதையில் நான் எதையும் கூட்டவில்லை.

சின்ன வீடு. முன்னறையில் கிருஷ்ணராஜ், உள்ளே குசினியில் ராக்கம்மா. தாய் வரும் முன்பே அவள் சொல்லிவிட்டாள். நான் டேஸ்டர்தான், ஆனால் தேயிலை இல்லை, வெளிநாட்டு மது, பாலில் செய்கிறது கூட உண்டு, வாயில் வைத்துத் துப்புகிறது, குடிக்கிறதில்லை. அவர் முதலில் சிரித்தாராம், பகிடி என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. அவர் முதலில் கேட்டது மதுவைப் பற்றி இல்லை.

"அப்ப தேயிலையப் பத்தி நீங்க சொன்னதெல்லாம்?"

"அது உண்மை. என்ட நாக்கு சொன்னது. எனக்கு இருக்கிறது ஒரு நாக்குத்தானே."

அதை அவர் நம்பினார். நம்பினது முகத்தில் தெரிந்தது என்றாள். குசினிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாராம், அப்பா கள்ளமாய்க் காய்ச்சின கசிப்புக் குடித்துச் செத்தவர், அந்த வாடை பட்டாலே அம்மா அன்றைக்குச் சோறு தின்னாது என்று. அவள் எழும்பப் போனாள். அவர் இருக்கச் சொன்னார். வேலையை விடச் சொல்லமாட்டேன் என்றார். கலியாணத்தை நிறுத்தவும் மாட்டேன் என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மாவுக்கு நீங்க டீ டேஸ்டராவே இருங்க மிஸ். வீட்டுக்குள்ள அந்தக் கதை மட்டும் வேணாம்."

"உங்களுக்கு மட்டும் சொல்லலாமோ? அவ இல்லாத நேரம்?"

அவர் நேர்மையான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். "எனக்கும் வேணாம். நான் கேட்டா, அது என் மூஞ்சியில தெரிஞ்சிரும். அம்மாகிட்ட எனக்கு மறைக்கத் தெரியாது."

அந்த நேரம் ராக்கம்மா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வா தாயி என்று பக்கத்தில் இருத்தி, தலையைத் தடவி, பூ வைக்கலையா என்று கேட்டு, குடித்துவிட்டுச் சொல்லு, நீ சொன்னதையெல்லாம் மகன் வந்து சொல்லுவான், இன்றைக்கு உன் வாயால் கேட்கவேண்டும் என்றாராம். அனுஷியா குடித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். சாயம் கடும், இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க விட்டிருக்கிறீர்கள் என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். அந்த அம்மா சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் தனக்கு முடிவு வந்தது என்றாள். இந்த அம்மாவுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது, அந்த வீட்டில் தனக்கு இடம் இருக்கிறது, ஆனால் பின்னேரம் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். சுவரோடு இருக்கிறது பழகிவிட்டது. ஆட்களோடு இருந்து அப்படி இருக்கப் பழகவில்லை.

பஸ் ஹோல்ட் வரை கிருஷ்ணராஜ் கூடவே நடந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கொட்டாஞ்சேனை, கோயில் முடிந்து வரும் சனம், பாண் விற்கிற ஓட்டோவின் பாட்டு. ஹோல்டில் நின்றுதான் அவள் சொன்னாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியும். சம்பளம் இருக்கு. தனிய இருக்கவும் தெரியும். பின்னேரத்தில கதைக்க ஆள் இல்லை. அதுக்குத்தான் சங்கிலி அண்ணைக்கு ஓம் எண்டனான். வேற ஒண்டுக்கும் இல்லை."

அவருக்கு விளங்கிவிட்டது, இந்தக் கலியாணம் இல்லை என்று. அம்மாவுக்கு என்ன சொல்வீர்கள் என்று அவள் கேட்டாள். சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். அது ஒருவருக்கும் நோகாது.

பஸ் வரவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்தான் முதலில் கேட்டார்.

"பால்ல செய்யிறதுன்னு சொன்னீங்களே. அது எப்பிடி இருக்கும்?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறார்.

"வாயில இருக்கேக்க ஒண்டும் தெரியாது," என்றாள். "துப்பி, கொஞ்ச நேரம் போன பிறகுதான். கைக்குழந்தையைத் தூக்கினா கழுத்தடியில ஒரு வாசம் வருமே. அது."

அவர் தலையை ஆட்டினார். பஸ் ஒன்று வந்தது. சன நெருக்கம் என்றார். நெருக்கம்தான் என்றாள். அது போய்விட்டது.

அவள் நோர்வேக்காரர்களின் சரக்கைப் பற்றிச் சொன்னாள். உருளைக்கிழங்கில் வடித்து, பெருஞ்சீரகம் மாதிரி ஒன்றைப் போட்டு, பீப்பாயில் அடைத்து, வேண்டுமென்றே கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியா வரை அனுப்பித் திருப்பி எடுப்பார்களாம். முந்திய காலத்தில் விற்க அனுப்பின பீப்பாய்கள் யாரும் வாங்காமல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டனவாம். திறந்து பார்த்தால் போனதை விட ருசி. கடல் ஆட்டின ஆட்டத்தில், வெக்கையிலும் குளிரிலும் மரத்துக்குள் ஏறி இறங்கி அப்படி ஆகிவிட்டதாம். அதிலிருந்து அதுவே வழக்கம்.

இதைச் சொல்லும்போது அவள் கையால் கப்பல் ஆடுகிறதைக் காட்டினாள். எங்கள் வாசலில் நின்று எனக்குச் சொன்னபோதும் அதே மாதிரிக் கையை ஆட்டினாள். இன்னொரு பஸ்ஸும் போனது. அவர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வித்துப் போகாமத் திரும்பி வந்ததா?" என்றார் கடைசியில்.

"ஓம்."

அவர் கேட்டார், "இன்னொண்ணு சொல்லுங்க மிஸ்."

வெள்ளவத்தைப் பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் இடம் இருந்தது. அவள் கையை நீட்டி அதை மறித்து ஏறிக்கொண்டாள்.